இணையத்தில் கச்சேரி, நாடகம்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ஜூமில் வயலின் வாசிக்கிறேன். ஒரு சுரத்தை நீட்டி நிறுத்தினால் பாதியிலேயே அமுங்கிப் போகிறது. மைக் கோளாறா?

பதில்: மைக் மேல் தப்பில்லை. ஜூம் பேச்சுக்கென்று செய்யப்பட்டது. பேச்சு விட்டுவிட்டு வரும், மின்விசிறிச் சத்தம் ஒரே சீராக வரும். அதனால் சீராக வருவதையெல்லாம் இரைச்சல் என்று எண்ணி அமுக்கிவிடும். உங்கள் நீண்ட சுரமும் அதில் மாட்டிக்கொள்கிறது. ஆடியோ அமைப்பில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்பதை இயக்குங்கள். கூடவே எதிரொலி நீக்கத்தையும் அணைத்தால் ஹெட்போன் கட்டாயம்.

கேள்வி: நானும் டிரம்ஸ் வாசிக்கும் நண்பரும் வெவ்வேறு ஊர். நேரலையில் சேர்ந்து வாசிக்கலாமா?

பதில்: ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். மேடையில் 10 மீட்டர் தள்ளி இருப்பவரின் அடி உங்களை எட்டவே 30 மில்லிநொடி ஆகிவிடும். அதற்கு மேல் போனால் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து காலப்பிரமாணம் இழுபடும். சாதாரண வீடியோ அழைப்பில் தாமதம் இதைவிடப் பல மடங்கு. ஜாமுலஸ், சோனோபஸ், ஜாக்ட்ரிப் என்ற மூன்று மென்பொருள்களும் இதற்கென்றே உருவானவை. வைஃபை வேண்டாம், கேபிள் போடுங்கள். இருவரும் அருகருகே உள்ள ஊர்களில் இருந்தால் நன்றாகவே வரும். கண்டம் தாண்டி என்றால் தனித்தனியே பதிவு செய்து கோர்ப்பதுதான் வழி.

கேள்வி: நல்ல கேமரா வாங்கட்டுமா?

பதில்: போன் கேமரா போதும். காசை முதலில் மைக்கில் போடுங்கள். படம் மங்கினால் பொறுத்துக்கொள்வார்கள், ஒலி உடைந்தால் எழுந்து போய்விடுவார்கள்.

கேள்வி: ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் இசையை நானே பியானோவில் வாசித்து யூடியூபில் ஏற்றினேன். காப்புரிமைக் கோரிக்கை வந்திருக்கிறது. அவர் 1750இலேயே காலமானவர் ஆயிற்றே?

பதில்: இசைக்கு உரிமை முடிந்துவிட்டது, பிறர் செய்த ஒலிப்பதிவுக்கு முடியவில்லை. கன்டென்ட் ஐடி என்ற தானியங்கி முறை உங்கள் வாசிப்பை யாரோ ஒருவரின் பதிவு என்று எடுத்துக்கொண்டது. பயப்படாமல் ஆட்சேபம் தெரிவியுங்கள். கோரியவர் 30 நாளுக்குள் பதில் தராவிட்டால் கோரிக்கை நீங்கிவிடும்.

கேள்வி: ஓரங்க நாடகம் போடுகிறேன். எதிரே யாரும் இல்லாமல் நடிக்க வரவில்லை.

பதில்: இதுதான் எல்லாவற்றிலும் கடினம். யூடியூப் நேரலை பார்ப்பவரை அடைவதற்குள் பல நொடிகள் ஓடிவிடும். நகைச்சுவைக்கான சிரிப்பு அடுத்த காட்சியில் வந்து சேரும். ஆகவே நாலைந்து ரசிகர்களைத் தனியாக ஒரு வீடியோ அழைப்பில் உட்கார வைத்து, மைக்கைத் திறந்தே வைக்கச் சொல்லுங்கள். அவர்கள் சிரிப்பும் பெருமூச்சும் உடனுக்குடன் கேட்கும். அவர்களுக்கும் ஹெட்போன் இருக்கட்டும்.

கேள்வி: பார்க்கிறார்கள், அடுத்த முறை வருவதில்லை. என்ன செய்வது?

பதில்: நிகழ்ச்சி முடியுமுன் மின்னஞ்சல் முகவரி கேளுங்கள், தர விரும்புபவர்கள் தரட்டும். தளம் தன் பார்வையாளர்களின் முகவரியை உங்களுக்குத் தராது. கணக்கு முடங்கினால் அத்தனை பேரும் கைவிட்டுப் போவார்கள். அடுத்த நிகழ்ச்சிக்கு முதல் நாள் அவர்களுக்கு நீங்களே நாலு வரி எழுதுங்கள்.