டாக்டரிடம் கேளுங்கள்: எல்லா வலியும் ‘கேஸ்’ அல்ல

கேள்வி: எனக்கு வயது 54. தையல் வேலை செய்கிறேன். ஆறு மாதமாக நெஞ்சுக்குழிக்குக் கீழே எரிச்சலோடு வலிக்கிறது. பசி நேரத்தில் அதிகம். இரவு இரண்டு மணிக்கு வலியே எழுப்பிவிடுகிறது. ஒரு டம்ளர் பால் குடித்தால் அடங்கும். ‘கேஸ்’ என்று சோடா, பெருங்காயம் கலந்த மோர், சீரகத் தண்ணீர் எல்லாம் குடித்துப் பார்த்துவிட்டேன். காரத்தை அடியோடு நிறுத்திவிட்டேன். வேறு நோய் எதுவும் இல்லை. மூட்டு வலிக்கு மட்டும் மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறேன்.
– ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: முக்கியமான செய்தியைக் கடைசி வரியில், அதுவும் ‘மட்டும்’ போட்டு எழுதியிருக்கிறீர்கள் அம்மா. இதை நான் முப்பது வருடமாகப் பார்க்கிறேன். “வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா?” என்றால் “ஒன்றுமில்லை டாக்டர்” என்பார்கள். எழுந்து கதவு வரை போன பிறகு திரும்பி வந்து, பர்ஸைத் திறந்து, மடித்த காகிதத்திலிருந்து மூன்று மாத்திரைகளை எடுத்துக் காட்டி, “இதைத் தொடரலாமா?” என்பார்கள். அட்டையில் பெயர் அச்சிட்ட பகுதி கடைக்காரரின் கத்தரிக்கோலுக்கு அந்தப் பக்கம் தங்கியிருக்கும்.

பெரும்பாலும் அது டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். இரைப்பை தன் அமிலத்தாலேயே வெந்துபோகாமல் இருப்பதற்கு உட்சுவரில் வழவழப்பான ஒரு பூச்சு இருக்கிறது. அந்தப் பூச்சு சுரப்பதற்குப் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் வேண்டும். மூட்டில் வலியையும் வீக்கத்தையும் உண்டாக்குவதிலும் அதற்குப் பங்கு உண்டு. மாத்திரை அதைத் தடுக்கிறது. முழங்கால் இலேசாகிறது, வயிறு காப்பை இழக்கிறது. “அப்படியானால் ஊசியாகப் போட்டுக்கொள்கிறேன்” என்பது அடுத்த யோசனை. ஊசி மருந்தும் ரத்தத்தின் வழியாக இரைப்பைக்குப் போய் இதே வேலையைத்தான் செய்யும்.

பசியில் வலி, நடு இரவில் வலி, ஏதாவது உள்ளே போனால் தணிவு: இது சிறுகுடலின் தொடக்கத்தில் வரும் புண்ணின் சாயல். ஆனால் கடிதத்தை வைத்துக்கொண்டு புண் என்று நான் முத்திரை குத்த முடியாது. ஐம்பதைத் தாண்டியவருக்குப் புதிதாக வந்த வலி என்பதால் எண்டோஸ்கோப்பி, அதாவது கேமரா பொருத்திய மெல்லிய குழாயை வாய் வழியாக இரைப்பைக்குள் விட்டுப் பார்க்கும் சோதனை, செய்து பார்ப்பதே சரி. வெறும் வயிற்றோடு போக வேண்டும், தொண்டையில் மரத்துப்போகும் மருந்தைத் தெளிப்பார்கள், சில நிமிடங்களில் முடிந்துவிடும். குமட்டும்; பொறுத்துக்கொள்ளலாம்.

அப்போதே ‘ஹெலிகோபாக்டர் பைலோரி’ என்ற கிருமி இருக்கிறதா என்றும் சோதிப்பார்கள். காரமும் கவலையும்தான் குடல்புண்ணுக்குக் காரணம் என்று மருத்துவ உலகமே நம்பிக்கொண்டிருந்த காலத்தில், ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் 1984இல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005இல் அவருக்கும் அவரோடு சேர்ந்து இந்தக் கிருமியை ஆராய்ந்த ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கிருமி இருந்தால், பொதுவாகப் பதினான்கு நாள் கூட்டு மருந்து உண்டு. நான்காம் நாள் வலி போய்விட்டது என்று பாதியில் நிறுத்தக் கூடாது. ஆகவே உங்கள் குழம்பிலிருந்த மிளகாய் பெரும்பாலும் நிரபராதி. எரிச்சலைக் கூட்டியிருக்கலாம், புண்ணை உண்டாக்கியிருக்காது. பாலும் நீங்கள் நினைக்கிற அளவுக்கு நல்ல பிள்ளை இல்லை: அரை மணி நேரம் அமிலத்தைத் தணித்துவிட்டு, பிறகு அதையே கூடுதலாகச் சுரக்க வைக்கும்.

மூட்டு வலி மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். (இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்த வேண்டாம், அது வேறு கணக்கு.) முழங்காலுக்குத் தற்போதைக்கு, மருத்துவர் சொல்லும் அளவில், பாரசிட்டமால் போதும். மலம் தார் போலக் கறுத்து, பிசுபிசுத்து, வழக்கத்துக்கு மாறான நாற்றத்தோடு போனால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று பொருள். அன்று எண்டோஸ்கோப்பிக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்காமல் நேரே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும், ஆனால் இந்தப் பிசுபிசுப்பும் நாற்றமும் இருக்காது.

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. பள்ளி நாட்களில் காலையில் தொப்புளைப் பிடித்துக்கொண்டு அழுகிறான். ஞாயிற்றுக்கிழமை வலி இல்லை. நடிக்கிறானா?
– ஒரு தாய், தஞ்சாவூர்

பதில்: நடிப்பு என்று முடிவு கட்டாதீர்கள். மனம் கலங்கினால் குடல் இழுத்துப் பிடிக்கும். அந்த வலி உண்மையான வலி. ஆனால் அதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: பள்ளிக் கழிப்பறைக்குப் போகிறானா? தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் வராது என்று நாள் முழுவதும் அடக்கிக்கொண்டு வரும் பிள்ளைகளை வாரத்துக்கு இரண்டு பேராவது பார்க்கிறேன். வயிற்றைத் தொட்டால் இடது பக்கம் கட்டி கட்டியாகக் கைக்குத் தட்டுப்படும். இந்தப் பிள்ளைகளுக்குத் தேவை பழம், கீரை, தண்ணீர், காலை உணவுக்குப் பின் அவசரமில்லாத பத்து நிமிடம். பூச்சி மாத்திரை ஆறு மாதத்துக்குள் கொடுக்கவில்லை என்றால் அதையும் கொடுத்துவிடுங்கள்.

தொப்புளில் தொடங்கிய வலி சில மணி நேரத்தில் வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கி, பசியும் போய், காய்ச்சலும் வந்தால் குடல்வால் அழற்சியாக இருக்கலாம். ஒற்றைக்காலில் குதிக்கச் சொல்லுங்கள். வலியால் முடியாது என்றால் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். விளக்கெண்ணெய் கொடுத்துப் பார்க்கலாம் என்று பாட்டி சொன்னால், இந்த ஒரு முறை மட்டும் கேட்காதீர்கள்.

கேள்வி: என் கணவருக்கு 61 வயது, சர்க்கரை நோய் உண்டு. வேகமாக நடந்தால் மேல் வயிற்றில் கல்லை வைத்தாற்போல் அழுத்துகிறது, நின்றால் சரியாகிவிடுகிறது. ஏப்பம் விட்டால் தேவலை என்கிறார். எந்தக் கேஸ் மாத்திரை நல்லது?
– ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: எந்த மாத்திரையும் வேண்டாம். நடந்தால் வந்து நின்றால் போகும் வலி இதயத்தின் வலியாகத்தான் முதலில் சந்தேகிக்கப்பட வேண்டும். இதயத்தின் அடிப்பகுதி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அங்கே ரத்தம் குறைந்தால் வலி வயிற்றில் தெரியலாம். படுத்த நிலையில் எடுத்த இசிஜி சரியாக இருந்தால் திரும்பி வந்துவிடாதீர்கள், இதய மருத்துவரையே பார்க்க வேண்டும். ஓய்வாக இருக்கும்போதே அந்த அழுத்தம் வந்து வியர்த்தால் 108ஐ அழையுங்கள். பத்திரிகை அச்சாகி வரும்வரை நீங்கள் காத்திருக்கக் கூடாது என்று இந்தப் பதிலைத் தனியே தபாலிலும் அனுப்பியிருக்கிறேன்.