குளிரில் வேலை செய்யாத ரிமோட் ஸ்டார்ட்டர்: கராஜ்காரர் கைவிரிக்கலாமா?

கேள்வி: நான் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறேன், இரவு வேலை. நவம்பர் 10ஆம் திகதி ஒரு கராஜில் 600 டொலர் கொடுத்து காருக்கு, தூரத்திலிருந்தே என்ஜினை ஸ்டார்ட் செய்யும் ரிமோட் ஸ்டார்ட்டர் பூட்டினேன். ஜனவரியில் குளிர் மைனஸ் 15க்குக் கீழே போனதும் வேலை செய்யவில்லை. என்ஜின் ஒரு தரம் முனகிவிட்டு நின்றுவிடுகிறது. கராஜ்காரரைக் கேட்டால், "குளிருக்கு நாங்கள் பொறுப்பில்லை, பில்லிலேயே எழுதியிருக்கு" என்கிறார். கார் வாங்கிய டீலரோ, வெளியில் பூட்டியதால் வாரண்டியே போய்விட்டது என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்:

தங்கச்சி, முதலில் கலண்டரைப் பாருங்கள். நவம்பர் 10இலிருந்து எண்ணினால் 90 நாள் பெப்ரவரி 8ஆம் திகதியோடு முடிகிறது. ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 63ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. வாகனம் திருத்துகிறவர் போட்ட புதுப் பாகத்துக்கும் அதைப் பூட்டிய கூலிக்கும் குறைந்தது 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முதலில் வருகிறதோ அதுவரை, அவர் உத்தரவாதம் தந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும், பில்லில் அப்படி ஒரு வரி இல்லாவிட்டாலும். ஆகவே இந்தக் கிழமையே காரைக் கொண்டுபோய்க் காட்டுங்கள், காட்டிய அன்றே என்ன கோளாறு என்று அவருக்கு ஒரு மின்னஞ்சலும் போடுங்கள்.

ஸ்டார்ட்டர் பூட்டுவது திருத்தவேலை அல்ல என்று அவர் வாதாடலாம். வாதாடினாலும் அதே நுகர்வோர் சட்டத்தின் 9ஆம் பிரிவிலிருந்து தப்ப முடியாது. செய்து கொடுத்த வேலை நியாயமான தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது அது. அதோடு, என்ன தேவைக்கு என்று சொல்லி வாங்கினீர்களோ அந்தத் தேவைக்குப் பொருள் உதவ வேண்டும் என்று பொருள் விற்பனைச் சட்டமும் சொல்கிறது. கனடாவில் ரிமோட் ஸ்டார்ட்டர் வாங்குவதே குளிருக்காகத்தானே! இந்தப் பொறுப்பைத் தட்டிக்கழிக்க பில்லில் எழுதும் வாசகம் அதே 9ஆம் பிரிவின்படி செல்லாது. நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தாலும் செல்லாது. இதைத் தெரியாமல் எத்தனையோ பேர் பில்லின் அடியில் உள்ள பொடி எழுத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், எனக்கு அதுதான் கவலை.

சரி, ஆனால் கோளாறு யாருடையது என்று தெரியாமல் சண்டைக்குப் போகக்கூடாது. குளிரில் பற்றரியின் வலு வெகுவாகக் குறையும். உங்கள் பற்றரி பழசு என்றால் அவர் கை ஓங்கிவிடும். நல்ல குளிர் காலையில் முதலில் ரிமோட்டை அழுத்துங்கள், அது தோற்றதும் திறப்பைப் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். டாஷ்போர்டில் வெப்பநிலை தெரிகிற மாதிரி இரண்டையும் வீடியோ எடுங்கள். திறப்பில் உடனே பிடித்து ரிமோட்டில் மட்டும் நின்றால் பற்றரி அனேகமாக நல்லதுதான். குளிரில் என்ஜின் பிடிக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் சுற்ற வேண்டும், பூட்டும்போது அதைச் சரியாகச் செற் பண்ணாவிட்டால் சாதனம் பாதியிலேயே விட்டுவிடும். அது பூட்டியவரின் பிழை. பொனற்றுக்குக் கீழே இருக்கும் சின்ன சுவிட்சில் உப்புத் தண்ணீர் பட்டுக் கறள் பிடித்தாலும் பொனற் திறந்திருக்கிறது என்று நினைத்து சாதனம் ஸ்டார்ட் செய்ய மறுக்கும், ஆனால் அப்போது என்ஜின் முனகவே முனகாது, அதனால் உங்களுடையது அதுவாக இராது. ரிமோட்டுக்குள் இருக்கும் சின்ன பற்றரியையும் ஒருமுறை மாற்றிப் பாருங்கள்.

பிறகு வேறொரு மெக்கானிக்கிடம் காட்டி, பற்றரி சோதனை முடிவையும் காரணத்தையும் எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னது போதாது. எதையாவது கழற்றினால் அந்தப் பாகத்தைக் குப்பையில் போட விடாதீர்கள். அந்தத் தாளை வைத்து, 14 நாளுக்குள் சரிசெய்து தரவும் அல்லது பணத்தைத் திருப்பவும் என்று கராஜுக்கு எழுதுங்கள். அசையாவிட்டால் சிறு கோரிக்கைகள் நீதிமன்றம் இருக்கிறது. பொதுவாக பிரச்சினை தெரியவந்த நாளிலிருந்து 2 வருட அவகாசம் உண்டு, சட்டத்தரணி இல்லாமலே நீங்கள் போகலாம். பில் கிடைக்காமல் காசாகக் கொடுத்தவர்களும் மனம் விட வேண்டாம், வாட்ஸ்அப் செய்தியும் வங்கியில் பணம் எடுத்த பதிவும் சாட்சிதான்.

டீலர் விஷயம் கொஞ்சம் சிக்கல். வெளியில் பூட்டியதற்காக மட்டும் வாரண்டியை மறுக்க முடியாது என்று யூடியூப்பில் சொல்லும் சட்டம் அமெரிக்காவின் 1975ஆம் ஆண்டுச் சட்டம், இங்கே அது பொருந்தாது. இங்கே வாரண்டிப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதே முக்கியம். வழக்கமாக வெளியில் பூட்டிய பொருளால் வந்த சேதத்தைத்தான் அது விலக்கும், முழு வாரண்டியையும் அல்ல. ஆகவே எந்தப் பழுதை மறுக்கிறீர்கள், அதற்கு ஸ்டார்ட்டர் எப்படிக் காரணம் என்று எழுத்தில் கேளுங்கள். பிடிவாதமாக நின்றால் கார் தயாரிப்பாளரோடு வரும் தகராறுகளைத் தீர்க்கும் காம்வாப் (CAMVAP) என்னும் நடுவர் திட்டத்தைப் பாருங்கள், கட்டணமில்லை. அதில் உங்கள் கார் தயாரிப்பாளர் சேர்ந்திருக்க வேண்டும், கார் இந்த வருட மொடல் அல்லது முந்தைய 4 வருட மொடலாக இருக்க வேண்டும், 160,000 கிலோமீற்றருக்குக் கீழே ஓடியிருக்க வேண்டும்.

இன்னொன்று, ரொறன்ரோ நகரசபை விதிப்படி 60 நிமிடத்தில் 1 நிமிடத்துக்கு மேல் காரைச் சும்மா ஓடவிடக்கூடாது. வீட்டின் மூடிய கராஜுக்குள் ரிமோட்டை அழுத்தவே அழுத்தாதீர்கள், காபன் மொனொக்சைட் மணமில்லாமல் வீட்டுக்குள் ஏறிவிடும்.

மெக்கானிக்கின் தாள் கிடைத்ததும் அதையும் பில்லையும் படமெடுத்து அனுப்புங்கள், கராஜுக்குப் போகும் கடிதத்தை நான் ஒருமுறை பார்த்துத் தருகிறேன்.