காலி நாட்கள் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணா,

உங்கள் மலைப்பயணக் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வரும் அக்டோபரில் நேபாளத்தில் அன்னபூர்ணா மலைகளைச் சுற்றி நடக்கும் அன்னபூர்ணா சர்க்யூட் போகிறேன். பூஜை விடுமுறையோடு சேர்த்து 12 நாள் கிடைத்திருக்கிறது. போய்வரும் நாட்களைக் கழித்தால் 9 நாள். அடிவார ஊரான பேசிசஹாரிலிருந்தே நடை. ஒவ்வொரு நாளும் எங்கிருந்து எங்கே, எத்தனை கிலோமீட்டர் என்று எக்செலில் போட்டு இணைத்திருக்கிறேன். வழியில் உயரத்தில் இருக்கும் மனாங் ஊரில் ஒரு நாள் ஓய்வெடுக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் தினமும் ஓடுகிறவன் என்பதால் அதை எடுத்துவிட்டேன்.

அம்மாவுக்கு முக்திநாத் பெருமாளைச் சேவிக்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. அவரும் சித்தியும் விமானத்தில் கோயிலுக்குக் கீழே உள்ள ஜோம்சோம் வந்துவிடுவார்கள். எட்டாம் நாள் நான் தோரோங் லா கணவாயைத் தாண்டி இறங்குவேன், மறுநாள் காலை கோயில் வாசலில் சந்திப்பு. எந்த ரெயின் ஜாக்கெட் வாங்கலாம்? அக்டோபரில் மழை இருக்காதுதானே? இன்னொன்று, தினமும் நடப்பது, சாப்பிடுவது, தூங்குவது மட்டும்தான் என்றால் மூன்றாம் நாளே சலித்துவிடாதா? கிண்டிலில் புத்தகங்கள் ஏற்றிக்கொள்ளவா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் என்று செய்தி வந்தாலே எனக்கு தோரோங் லா நினைவுதான் வரும். இந்த வாரம் முழுக்க அப்படி ஒரு செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அந்த நினைப்போடு இருந்தபோது உங்கள் கடிதம் வந்ததால்தான் தனியே பதில் போடாமல் இங்கே எழுதுகிறேன்.

ஜாக்கெட் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். எந்த கம்பெனி என்பது முக்கியமில்லை. கடைக்கு ஸ்வெட்டரோடு போய் அதன்மேல் மாட்டிப் பாருங்கள். இரண்டு கையையும் தூக்கினால் இடுப்பு வெளியே தெரியக் கூடாது. அக்குளில் ஜிப் இருந்தால் நல்லது. ஏற்றத்தில் மழை நனைப்பதைவிட உள்ளே ஊறும் வியர்வை நனைப்பது அதிகம். பைக்கு மேலே போடும் உறையை நம்ப வேண்டாம், காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். பைக்குள்ளேயே தடிமனான பிளாஸ்டிக் பை ஒன்றை விரித்து, அதற்குள் எல்லாவற்றையும் வையுங்கள். கிண்டில் கொண்டுபோவதும் போகாததும் உங்கள் இஷ்டம்.

சலிப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஒரு காலைப்பொழுதை மட்டும் சொல்கிறேன். மணி ஐந்தரை. காய்ந்த சாக்ஸும் தெர்மலும் போட்டு ஸ்லீப்பிங் பேக்குக்குள் கதகதப்பாகக் கிடக்கிறீர்கள். நேற்று மழையில் நனைந்த சாக்ஸ் ஆணியில் தொங்குகிறது. இரவுக் குளிரில் விறைத்து, பிடித்தால் அட்டை மாதிரி நிற்கிறது. இப்போது நீங்கள் செய்ய வேண்டிய வேலை, காலில் இருக்கும் காய்ந்த சாக்ஸைக் கழற்றி பிளாஸ்டிக் பைக்குள் பத்திரப்படுத்திவிட்டு, அந்த ஈர சாக்ஸை மாட்டிக்கொள்வது. பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டுங்கள். கால் மணி நேரம் நடந்தால் அது சூடேறிவிடும். இன்றைக்கு ஒரு நாள் போகட்டும் என்று காய்ந்ததைப் போட்டுக்கொண்டு கிளம்பினால், மதியத்துக்குள் இரண்டு ஜோடியும் ஈரம். அன்றிரவு 4,000 மீட்டரில் காய்ந்த துணி ஒன்றுகூட இல்லாமல் படுப்பீர்கள். நடக்கும் உடுப்பு வேறு, படுக்கும் உடுப்பு வேறு. இதை மட்டும் ஒரு நாளும் மீறக் கூடாது.

அதற்குப் பிறகு மாவுக் கஞ்சி, இஞ்சி டீ, லாட்ஜ் கணக்குத் தீர்ப்பது, தண்ணீர் நிரப்புவது. முதல் ஏற்றத்தில் வேர்க்கும், ஜாக்கெட்டைக் கழற்றுவீர்கள். திருப்பத்தில் காற்றடிக்கும், மாட்டுவீர்கள். தொங்குபாலத்தின் எதிர்ப்பக்கம் கோவேறு கழுதைகள் வரிசையாக வந்தால் அவை கடந்து முடியும்வரை நின்றாக வேண்டும். வழியில் நிற்கும்போது எப்போதும் மலைச்சரிவு பக்கம் ஒதுங்குங்கள், பள்ளத்துப் பக்கம் நின்றால் சுமை இடித்துத் தள்ளிவிடும். மதியம் பருப்பும் சோறும். அதற்குள் மேகம் இறங்கிவிடும். இரண்டு மூன்று மணிக்கு லாட்ஜ் பிடித்து, முதல் வேலையாகக் காலைத் துடைத்து விரல் இடுக்குகளைப் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தில் அப்போதே டேப் ஒட்டினால்தான் மறுநாள் கொப்புளம் வராது. இருப்பது ஒரே அடுப்பு என்பதால் ராத்திரி சாப்பாட்டை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். எட்டு மணிக்குத் தூக்கம். அலுவலகத்தில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து வரும் சலிப்பை வைத்து இதை அளக்காதீர்கள். அங்கே உங்கள் கையும் காலும் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது.

சரி, மழைக்கு வருகிறேன். அன்னபூர்ணாவின் தெற்குச் சரிவில், போகராவுக்குப் பக்கத்தில் லும்லே என்று ஓர் ஊர். ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அங்கிருந்து நேர்கோட்டில் 60 கிலோமீட்டர்கூட இல்லாத ஜோம்சோமில் 300 மில்லிமீட்டரை ஒட்டித்தான். மழை மேகத்தை மலை தெற்கிலேயே பிழிந்துவிடுகிறது. நீங்கள் நடக்கப்போவது இந்த ஈரப் பக்கத்திலிருந்து வறண்ட பக்கத்துக்கு. அடிவாரத்தில் நெல் வயலும் அட்டைப்பூச்சியும், நடுவில் சாமே என்ற ஊர்ப் பக்கம் பைன் காடு, மனாங் தாண்டினால் புல்லும் முள்செடியும் வறண்ட மண்ணும். 1,000 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறு டிகிரி வெப்பம் குறையும். கீழே தூறலாக விழுவது மேலே பனியாகத்தான் விழும்.

அக்டோபர் பெரும்பாலும் தெளிவாக இருக்கும் என்பது உண்மை. அதனால்தான் கூட்டம் அந்த மாதத்தில் அதிகம். 2014 அக்டோபரிலும் அப்படித்தான் கூட்டம் இருந்தது. அந்த மாதம் 12-ஆம் தேதி ஹுத்ஹுத் புயல் விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்தது. தமிழகத்துக்கு ஆபத்து இல்லை என்றதும் நாம் டிவியை அணைத்துவிட்டோம். புயல் வலுவிழந்து வடக்கே போனது. 14-ஆம் தேதி தோரோங் லாவில் பனியாகக் கொட்டியது. இடுப்பளவு பனி, எதிரில் இருப்பவர் தெரியாத காற்று. விடிகாலையில் கணவாய்க்கு ஏறியவர்கள் நடுவழியில் மாட்டிக்கொண்டார்கள். முக்திநாத் பக்கம் இறங்கும் வழியிலேயே பலர் உறைந்துபோனார்கள். வேறு இடங்களில் பனிச்சரிவு. மொத்தம் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வெளிநாட்டுப் பயணிகளோடு வழிகாட்டிகளும், சுமை தூக்குபவர்களும், யாக் மேய்ப்பவர்களும் அதில் அடக்கம். வங்கக்கடலில் புயல் இருப்பது உலகத்துக்கே தெரியும். மலைமேல் இருந்தவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை. நம் கடலில் கிளம்பிய காற்று அது, எஸ். நாகப்பட்டினத்துக்காரரும் கடலூர்க்காரரும் அக்டோபர் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் வெளியூர்ப் பயணத்தை முடிவு செய்வார்கள். இமயமலைக்குப் போகும் நாமும் கிளம்புவதற்கு முன்னால் வங்கக்கடலைப் பார்க்க வேண்டும்.

உங்கள் எக்செல் தாளைத் திறந்து பார்த்தேன். கோபம்தான் வந்தது. ஒன்பது கட்டங்களும் நிரம்பியிருக்கின்றன. மனாங்குக்கு ஒரே இரவு, மறுநாளே யாக் கர்க்கா, அதற்கு மறுநாள் கணவாயின் அடியில் இருக்கும் தோரோங் பேடி, அடுத்த நாள் கணவாய். இதற்கு நடுவில் ஒரு மழை, ஒரு தலைவலி, ஒரு வயிற்றுப்போக்கு வந்தால் எந்தக் கட்டத்தை அழிப்பீர்கள்? அழிக்க ஒன்றும் இல்லாததால் நடப்பீர்கள். தலைவலியோடு நடப்பீர்கள். பனி கொட்டும்போதும் நடப்பீர்கள், ஏனென்றால் மறுபக்கம் அம்மா காத்திருக்கிறார். இதைத்தான் நான் சொல்ல வருகிறேன். ஒரு கணவாயின் மறுபக்கத்தில் தேதி குறித்து ஒருவரை நிற்க வைத்துவிட்டு மலை ஏறாதீர்கள். அது விமான டிக்கெட்டாக இருந்தாலும் சரி, அலுவலக மீட்டிங்காக இருந்தாலும் சரி, அம்மாவாக இருந்தாலும் சரி.

மனாங் ஓய்வு நாளை எடுத்துவிட்டதற்கு நீங்கள் சொன்ன காரணம் தவறு. ஓட்டப் பயிற்சி, உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உயர நோயிலிருந்து யாரையும் காப்பாற்றாது. 3,000 மீட்டருக்கு மேலே படுக்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னொரு இரவு தங்க வேண்டும். உடம்பு பழகுவதற்கு அதற்கு ஆகிற நேரம் ஆகும். உங்கள் கால் எவ்வளவு வேகமானது என்று அதற்குத் தெரியாது. மனாங்கில் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் ஒரு மருத்துவ உதவி நிலையம் நடத்துகிறது. சீசனில் பிற்பகல் உயர நோய் பற்றி வகுப்பெடுப்பார்கள். அதில் போய் உட்காருங்கள். உட்கார உங்களுக்கு அங்கே ஒரு பகல் மிச்சம் இருக்க வேண்டும் தம்பி.

காலி நாள் என்றதும் வீணாகப் போகும் நாள் என்று நினைக்கிறீர்கள் போல. பேடியில் எனக்கு அப்படி ஒரு நாள் வாய்த்தது. மாலையில் ஆலங்கட்டி விழ ஆரம்பித்து, ராத்திரி பனியாக மாறிவிட்டது. விடிகாலை மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டியவர்கள் எல்லோரும் கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு மறுபடி படுத்தோம். ஒரு வெளிநாட்டு இளைஞர் மட்டும் கிளம்பினார். காத்மாண்டுவில் அவருக்கு விமானம் இருந்தது. லாட்ஜ் நடத்தும் தீதி (அங்கே அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) எவ்வளவோ தடுத்தும் கேட்கவில்லை. ஏழு மணிக்குத் திரும்பி வந்தார். புருவத்திலும் இமையிலும் பனி ஒட்டியிருந்தது, கையுறையைக் கழற்ற விரல் மடங்கவில்லை. தீதி ஒரு வார்த்தை பேசவில்லை. கையுறையைத் தானே உருவி எடுத்துவிட்டு, அவர் இரண்டு கையையும் தன் அக்குளுக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார், பெற்ற பிள்ளையைப் பிடித்துக்கொள்கிற மாதிரி.

அன்று பகல் முழுக்க யாரும் எங்கும் போகவில்லை. நான் சமையலறையில் உட்கார்ந்து பூண்டு உரித்தேன். சாணி எரியும் அடுப்பைச் சுற்றி முப்பது ஜோடி சாக்ஸ் காய்ந்துகொண்டிருந்தது, அந்த நாற்றத்தில் யாருக்கும் வெட்கம் இல்லை. கேன்வாஸ் ஷூவோடு வந்திருந்த சுமை தூக்கும் பையனைப் பார்த்துவிட்டு ஒரு அம்மாள் தன்னுடைய கம்பளி சாக்ஸைக் கொடுத்தார். அவன் அதைப் போட்டுக்கொண்டு அதன்மேல் பாலிதீன் கவரைக் கட்டி, அதற்குமேல் ஷூவை மாட்டிக் காட்டினான். ஈரத்தில் நடப்பதற்கு அதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. வருகிறவர்களுக்கெல்லாம் இன்றுவரை சொல்லிக்கொடுக்கிறேன். பிற்பகல் மூன்று மணிக்கு மேகம் ஓர் ஓரமாகக் கிழிந்து எதிரில் இருந்த மலைச்சுவர் முழுக்க வெள்ளையாகத் தெரிந்தபோது, சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து வெளியே வந்து நின்றார்கள். அந்த இளைஞரும் வந்து நின்றார். விமானத்தைப் பற்றி அவர் அதற்குப் பிறகு பேசவே இல்லை. மறுநாள் வானம் துடைத்துவிட்டது. முன்னால் போனவர்களின் தடத்தில் நாங்கள் எல்லோரும் சேர்ந்தே ஏறினோம்.

இனி அம்மா விஷயம். அவர் வரட்டும், கட்டாயம் வரட்டும். திருமங்கையாழ்வார் பாடிய தலம், அவர் ஆசைப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தேதியை மாற்றுங்கள். நீங்கள் கணவாயைத் தாண்டி முக்திநாத்தில் இறங்கி, அங்கிருந்து போன் செய்த பிறகுதான் அவர்கள் போகராவை விட்டுக் கிளம்ப வேண்டும். அதுவரை போகராவில் ஏரிக்கரையில் நிம்மதியாக இருக்கட்டும். ஜோம்சோம் விமானம் காலையில் மட்டும்தான். முற்பகல் முடிவதற்குள் காளி கண்டகி பள்ளத்தாக்கில் தெற்கிலிருந்து காற்று கிளம்பிவிடும், பிற்பகலில் மண்ணை வாரி முகத்தில் அடிக்கும். மேகம் இறங்கினால் நாள் கணக்கில் விமானம் கிடையாது, அப்போது ஜீப்தான், ஒரு நாள் முழுக்கக் குலுங்கும். ஆகவே அவர்கள் கணக்கிலும் இரண்டு நாள் காலியாக இருக்க வேண்டும்.

போகராவிலிருந்து பறந்த அன்றே கோயிலுக்கு ஏற்றாதீர்கள். போகரா 800 மீட்டர் சொச்சம், ஜோம்சோம் 2,700, கோயில் 3,700-க்கு மேலே. ஜோம்சோமிலோ பக்கத்து ஊரான மார்பாவிலோ ஓர் இரவு தங்கி மறுநாள் போகட்டும். ஜீப் நிற்கும் இடத்திலிருந்து ஏற்றம் உண்டு, குதிரை கிடைக்கும், கூச்சப்படாமல் ஏறச் சொல்லுங்கள். கோயிலுக்குப் பின்னால் 108 தாரைகள் பசுவின் வாய் வழியே கொட்டும். நம் ஊர் அம்மாக்கள் அத்தனையிலும் தலையைக் கொடுப்பேன் என்று நிற்பார்கள். அக்டோபரில் அது பனி உருகிய தண்ணீர். தலையில் தெளித்துக்கொண்டால் போதும் என்று நீங்களே பக்கத்தில் நின்று சொல்லுங்கள். அவருக்கு ரத்த அழுத்தம் இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள்.

விடுப்பை நான்கு நாள் நீட்டிக்க முடியுமா என்று நாளைக்கே கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால் பேசிசஹாரிலிருந்து நடக்க வேண்டாம், சாமேவரை ஜீப்பில் போய்விடுங்கள். அதில் இரண்டு நாள் மிச்சமாகும். ஒன்றை மனாங்குக்கும் ஒன்றை பேடிக்கும் வைத்துவிட்டு, திருத்திய எக்செல்லை எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்