பர்ரோ போன பிறகு

வணக்கம் சார்,

நான் வேலைக்காக பேட்டன் ரூஜுக்கு வந்தது 2019 ஆகஸ்டில். வந்த வருடமே இந்த ஊர் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழக (எல்.எஸ்.யூ.) அணி 15 ஆட்டத்தில் 15-ம் ஜெயித்துத் தேசியப் பட்டம் வாங்கியது. அதுவரை அமெரிக்கக் கால்பந்து எனக்குத் தெரியாது. இந்த அணிக்கு ஜெயிப்பதுதான் வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வருடம் 5 வெற்றி, 5 தோல்வி. அதற்கடுத்த வருடம் சீசன் பாதியில் இருக்கும்போதே பயிற்சியாளர் எட் ஓர்ஜரானை அனுப்பப் போவதாக அறிவித்துவிட்டார்கள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த என் அலுவலக நண்பர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோ இருந்தான், ஜெயித்தோம். போனான், தோற்றோம். இதில் பயிற்சியாளருக்கு என்ன வேலை?"

போன மாதம் நீங்கள் எழுதியதில் அலபாமாவின் பயிற்சியாளராக இருந்த நிக் சேபனை இந்த ஆட்டத்தின் பெரிய வாத்தியார் என்றீர்கள். அவருக்கு நல்ல குவார்ட்டர்பேக்குகள் அமைந்தார்கள், அவ்வளவுதானே? நட்சத்திரம் அமைந்தால் பயிற்சியாளர் மேதை, அமையாவிட்டால் வீட்டுக்கு. இதைத் தாண்டி ஏதாவது இருக்கிறதா?

ஆர்.,
பேட்டன் ரூஜ்

அன்புள்ள ஆர்.,

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. அந்தப் பாதியை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அது சின்னப் பாதி அல்ல.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. களத்தில் பதினொரு பேர் இருந்தாலும் ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் பந்து முதலில் போய்ச் சேர்வது குவார்ட்டர்பேக்கின் கைக்குத்தான். எறிவதா, ஓடுகிறவனிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று இரண்டு மூன்று நொடிக்குள் அவன் முடிவெடுக்க வேண்டும். அதற்குள் மலைபோல நாலு பேர் அவனைச் சாய்க்கப் பாய்ந்து வந்துகொண்டிருப்பார்கள். கல்லூரி ஆட்டம் என்பதால் அவனுக்கு வயது இருபது, இருபத்தொன்றுதான். பல மில்லியன் டாலர் சம்பளம் வாங்கும் ஐம்பது வயது மனிதரின் வேலை அந்தப் பையனின் தோள்பட்டையில் தொங்குகிறது.

உங்கள் நண்பர் ஓர்ஜரானை விட்டுவிட்டு ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளராக இருந்த ஜீன் சிஸிக்கைச் சொல்லியிருந்தால் வழக்கு இன்னும் வலுவாக இருந்திருக்கும். சிஸிக் அதற்கு முன் அயோவா ஸ்டேட்டில் இரண்டு வருடம் இருந்து 5 ஆட்டம் ஜெயித்து 19 தோற்றவர். ஆபர்ன் அவரை எடுத்தபோதே ஊர் முணுமுணுத்தது. 2010-இல் டெக்சஸின் பிளின் என்ற இரண்டாண்டுக் கல்லூரியிலிருந்து கேம் நியூட்டன் வந்து சேர்ந்தான். 14-க்கு 14. கல்லூரி ஆட்டத்தில் அந்த வருடத்தின் சிறந்த வீரனுக்குத் தரும் ஹைஸ்மன் விருது அவனுக்கு, தேசியப் பட்டம் அணிக்கு. ஒரே சீசன், அவன் போய்விட்டான். 2012-இல் ஆபர்ன் 3 வெற்றி, 9 தோல்வி. தன் பிரிவு அணிகளில் ஒன்றைக்கூட ஜெயிக்கவில்லை. சிஸிக்கை அனுப்பிவிட்டார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் இது என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

ஆனால் ஆபர்ன் கதை அங்கே முடியவில்லை. நியூட்டனை வைத்து ஆட்டத்தை வகுத்தவர் கஸ் மால்சான் என்ற உதவிப் பயிற்சியாளர். 2012-இல் அவர் வேறு கல்லூரிக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போயிருந்தார். அடுத்த வருடம் ஆபர்ன் அவரையே தலைமைக்குக் கூப்பிட்டது. நியூட்டன் இல்லை. குவார்ட்டர்பேக்காக வந்த நிக் மார்ஷல், முன்பு ஜார்ஜியாவில் தடுப்பாட்டக்காரனாக இருந்தவன். பெரும்பாலும் அதே பையன்கள். 3–9 அணி ஒரே வருடத்தில் தேசிய இறுதி ஆட்டம் வரை போய், ஃபுளோரிடா ஸ்டேட்டிடம் 34–31 என்று மயிரிழையில் தோற்றது. அப்படியானால் 2010-இல் ஜெயித்தது நியூட்டனா, மால்சானா? இரண்டு பேரும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. தலைமைப் பயிற்சியாளரின் பெயர் அந்த வரியில் மூன்றாவதாகத்தான் வரும்.

சரி, உங்கள் ஊருக்கு வருகிறேன்.

நீங்கள் 2019 ஆகஸ்டில் வந்ததால் ஒன்றைப் பார்க்கத் தவறிவிட்டீர்கள். பர்ரோ 2018-லும் அங்கேதான் ஆடினான். ஓஹியோ ஸ்டேட்டில் மூன்று வருடம் பெஞ்சிலேயே காத்திருந்து, முதலிடம் கிடைக்காமல் லூசியானாவுக்கு வந்தவன். 2018 சீசன் முழுக்க அவன் எறிந்த டச்டவுன் பாஸ், அதாவது எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் புள்ளியாக முடிந்த பாஸ், 16. மோசமில்லை. ஆனால் அன்று யாரும் அவனை நட்சத்திரம் என்று சொல்லவில்லை. 2019-இல் அதே பையன் எறிந்தது 60. கஜக் கணக்கில் 5,671. ஒரே கோடையில் யாருக்கும் புதுக் கை முளைப்பதில்லை. ஜோ பிரேடி என்று முப்பது வயதுகூட ஆகாத ஒருவரை நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியிலிருந்து ஓர்ஜரான் அழைத்து வந்தார். தொழில்முறை அணியின் பாஸ் ஆட்டம் கல்லூரிக்கு வந்தது. பந்தைப் பிடிக்க ஜமார் சேஸும் ஜஸ்டின் ஜெஃபர்சனும் இருந்தார்கள். அடுத்த ஏப்ரலில் தொழில்முறை அணிகள் எல்.எஸ்.யூ.விலிருந்து மட்டும் 14 பேரை எடுத்தன. சட்டியில் இருந்தது, அகப்பையில் வந்தது. அகப்பையின் பெயர் பர்ரோ.

அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்பினார்கள். பர்ரோ போனான். பிரேடி தொழில்முறை ஆட்டத்துக்குத் திரும்பினார். தடுப்பாட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த டேவ் அராண்டா பெய்லர் பல்கலைக்கழகத்துக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போய், இரண்டாவது வருடமே அது ஆடும் பிரிவின் பட்டத்தை வாங்கினார். 2020-இல் ஆட மாட்டேன் என்று சேஸும் விலகினான். உங்கள் நண்பர் கண்ணுக்குப் பர்ரோ போனது மட்டும் தெரிகிறது. மீதிப் பேரின் இடத்தைச் சரியான ஆட்களால் நிரப்ப முடியாததுதான் ஓர்ஜரானின் உண்மையான தோல்வி என்பேன். கல்லூரி ஆட்டத்தில் எல்லாரும் போய்விடுவார்கள். அதுதான் அதன் விதி. தொழில்முறை அணியில் டாம் பிரேடி போன்ற ஒரு குவார்ட்டர்பேக்கைப் பிடித்து இருபது வருடம் வைத்துக்கொள்ளலாம். கல்லூரியில் பையனுக்குக் கெடு நாலைந்து வருடம். ஆகவே இங்கே பயிற்சியாளரின் வேலையில் பெரும்பகுதி, போகிறவனுக்கு மாற்று தேடுவது.

சேபன் பற்றிய உங்கள் கேள்விக்கும் இதில்தான் பதில் இருக்கிறது. அவர் வாங்கிய தேசியப் பட்டங்கள் ஏழு. ஒன்று 2003-இல் உங்கள் எல்.எஸ்.யூ.வுக்காக, ஆறு அலபாமாவுக்காக. அந்த ஏழு பட்டத்திலும் குவார்ட்டர்பேக் யார் யார் என்று உங்கள் நண்பரிடம் கேட்டுப் பாருங்கள். மேட் மாக், கிரெக் மெக்எல்ராய், ஏ.ஜே. மெக்காரன் இரண்டு முறை, ஜேக் கோக்கர்... எல்.எஸ்.யூ. ரசிகர் என்பதால் மாக்கைச் சொல்லிவிடுவார். கோக்கரில் திணறுவார், பந்தயம். 2009 சீசனின் இறுதி ஆட்டத்தில் டெக்சஸுக்கு எதிராக மெக்எல்ராய் சரியாகச் சேர்த்த பாஸ் மொத்தம் ஆறு, 58 கஜம். பட்டம் அலபாமாவுக்கு. சேபனிடம் ஹைஸ்மன் வாங்கிய ஒரே குவார்ட்டர்பேக் பிரைஸ் யங், 2021-இல். அந்த வருடம் இறுதி ஆட்டத்தில் அலபாமா 33–18 என்று ஜார்ஜியாவிடம் தோற்றது. ஜார்ஜியாவின் குவார்ட்டர்பேக் ஸ்டெட்சன் பென்னட், உதவித்தொகைகூட இல்லாமல் அணியில் வந்து சேர்ந்தவன்.

எனக்கு இதிலெல்லாம் பெரிதாகத் தெரிவது 2018 ஜனவரி 8 இரவு. அட்லாண்டாவில் இறுதி ஆட்டம், அலபாமாவும் ஜார்ஜியாவும். நான் அப்போது அட்லாண்டாவுக்கு வெளியே குடியிருந்தேன். பக்கத்து வீட்டில் எல்லாரும் ஜார்ஜியா கட்சி, சிவப்புச் சட்டை, டிவியைச் சுற்றி இருபது பேர். இடைவேளையில் ஜார்ஜியா 13, அலபாமா பூஜ்யம். அலபாமாவின் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ். அதுவரை அவன் தொடங்கிய 27 ஆட்டத்தில் 25 வெற்றி. அன்று முதல் பாதியில் மட்டும் அவன் எறிந்த எட்டில் சேர்ந்தது மூன்றுதான், மொத்தமே 21 கஜம். பக்கத்து வீட்டுப் பெரியவர் அப்போதே கோழி வறுவலைத் தட்டில் நிரப்பிக்கொண்டு கொண்டாட ஆரம்பித்துவிட்டார்.

இடைவேளை முடிந்து அலபாமா வந்தது. ஹர்ட்ஸ் வரவில்லை. 13-ஆம் எண் போட்ட ஒரு முதலாம் ஆண்டுப் பையன் வந்தான். ஹவாயிலிருந்து வந்த டுவா டகோவைலோவா. கல்லூரியில் ஒரு ஆட்டத்தைக்கூட அவன் தொடங்கியதில்லை. "இவன் பெயரை எப்படிச் சொல்வது?" என்று யாரோ கேட்டுச் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. ஆட்டம் 20–20 என்று சமமாகி, கூடுதல் நேரத்துக்குப் போனது. ஜார்ஜியா மூன்று புள்ளி எடுத்தது. டுவா தன் முதல் முயற்சியிலேயே மாட்டிக்கொண்டு 16 கஜம் பின்னால் போய் விழுந்தான். வீடு குதித்தது. அடுத்த முயற்சியில் 41 கஜம் எறிந்தான், டெவான்டா ஸ்மித் பிடித்தான், 26–23, ஆட்டம் முடிந்தது. பெரியவர் தட்டைக் கீழே வைத்தது நினைவிருக்கிறது.

தோற்றிருந்தால்? இரண்டு தோல்வி மட்டுமே கண்ட பையனை உட்காரவைத்த முட்டாள் என்று சேபனை அலபாமா மாநிலமே திட்டியிருக்கும். ஜெயித்த பின் டுவா நட்சத்திரம் ஆனான். இடைவேளையில் சேபன் முடிவெடுத்தபோது அவன் நட்சத்திரம் இல்லை, வெறும் மாற்று ஆள். பயிற்சிக் களத்தில் தினமும் அவனைப் பார்த்தவர்களுக்கு மட்டும்தான் அவன் என்னவென்று தெரியும். நட்சத்திரம் அமைந்தால் ஜெயிக்கலாம் என்கிறீர்களே, அமைவது என்பது இப்படித்தான் நடக்கிறது.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். ஓஹியோ ஸ்டேட், 2014. சீசன் தொடங்கும் முன்பே முதல் குவார்ட்டர்பேக் பிராக்ஸ்டன் மில்லருக்குத் தோளில் காயம். இரண்டாமவன் ஜே.டி. பாரெட் மிச்சிகன் ஆட்டத்தில் கணுக்காலை உடைத்துக்கொண்டான். மூன்றாமவன் கார்டேல் ஜோன்ஸ் தொடங்கியது மூன்றே ஆட்டம்: விஸ்கான்சினை 59–0, சேபனின் அலபாமாவை 42–35, இறுதியில் ஓரிகானை 42–20. அந்த ஓரிகானின் குவார்ட்டர்பேக் மார்கஸ் மரியோட்டா, அவ்வருட ஹைஸ்மன் விருதுக்காரன். வேடிக்கை என்னவென்றால், அடுத்த வருடம் பாரெட்டும் ஜோன்ஸும் இருவருமே திரும்பி வந்தார்கள், யாரை ஆடவைப்பது என்று பயிற்சியாளர் அர்பன் மேயர் தடுமாறினார், பிரிவுப் பட்டம்கூடக் கிடைக்கவில்லை. பர்ரோவை மூன்று வருடம் பெஞ்சில் வைத்திருந்ததும் இதே மேயர்தான். பெரிய வாத்தியாருக்கும் எல்லாச் சீடனும் கண்ணில் படுவதில்லை.

நட்சத்திரம் மட்டும் போதும் என்றால் ஓக்லஹோமாவிலும் பிறகு கலிஃபோர்னியாவின் யூ.எஸ்.சி.யிலும் பயிற்சியாளரான லிங்கன் ரைலி இந்நேரம் சிலையாக நின்றிருக்க வேண்டும். பேக்கர் மேஃபீல்ட், கைலர் மர்ரே, கேலப் வில்லியம்ஸ் என்று மூன்று ஹைஸ்மன் குவார்ட்டர்பேக்குகள் அவரிடம் ஆடியவர்கள். மூவரும் தொழில்முறைத் தேர்வில் முதல் ஆளாகப் போனார்கள். மூவரையும் வைத்து ரைலி வாங்கிய தேசியப் பட்டம் பூஜ்யம். 2018 ஜனவரி அரையிறுதியில் அவருடைய ஓக்லஹோமா 48 புள்ளி எடுத்தும் தோற்றது, ஏனென்றால் ஜார்ஜியா 54 எடுத்தது. வில்லியம்ஸின் கடைசி வருடத்தில் யூ.எஸ்.சி. 8–5. தடுப்பாட்டம் ஓட்டைப் பானை.

இப்போது காலம் மாறிவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2021-லிருந்து மாணவர்கள் ஒரு வருடம் சும்மா உட்காராமல் கல்லூரி மாறலாம், தங்கள் பெயரை வைத்துப் பணமும் சம்பாதிக்கலாம். முன்பு மூன்று வருடம் வளர்க்க வேண்டியவனை இப்போது சீசன் முடிந்ததும் சந்தையிலிருந்து கூட்டி வரலாம். அதனால் பயிற்சியாளரின் வேலை குறைந்துவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள். இண்டியானாவைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2023-இல் 3–9 என்று கிடந்த அணி அது. கர்ட் சிக்னெட்டி வந்து, வெளியிலிருந்து கர்டிஸ் ரூர்க்கை எடுத்து 11–2. ரூர்க் போனதும் கலிஃபோர்னியாவிலிருந்து ஃபெர்னாண்டோ மெண்டோசா. அடுத்த சீசன் ஒரு தோல்விகூட இல்லாமல் தேசியப் பட்டம், மெண்டோசாவுக்கு ஹைஸ்மன். சந்தை எல்லாருக்கும் திறந்துதான் இருந்தது. மெண்டோசாவை வேறு யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். சிக்னெட்டி முன்பு அலபாமாவில் சேபனுக்குக் கீழே ஆள் சேர்க்கும் பொறுப்பைப் பார்த்தவர் என்பதை உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள்.

ஓர்ஜரானைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். ஒப்பந்தம் மீதமிருந்ததால் அவரை அனுப்ப எல்.எஸ்.யூ. ஏறத்தாழ 17 மில்லியன் டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. பின்னாளில் ஒரு மேடையில் அவரே இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தார். தொகையைக் கேட்டதும், எந்த வாசல் வழியாக, எத்தனை மணிக்குப் போகட்டும் என்றுதான் கேட்டாராம்.