போன் ஒரு பக்கம், லினக்ஸ் கைக்கணினி ஒரு பக்கம்: எஸ்எம்எஸ் கேள்வி பதில்

கைக்கணினியில் எஸ்எம்எஸ் அனுப்புவது பற்றி வந்த கேள்விகளைச் சேர்த்து வைத்துப் படித்தபோது ஒன்று தெரிந்தது. முக்கால்வாசிப் பேர் "லினக்ஸில் எதை நிறுவ வேண்டும்" என்றுதான் தொடங்குகிறீர்கள். முதலில் பார்க்க வேண்டியது உங்கள் போன் வெளியே எதைக் காட்டுகிறது, எதைக் காட்ட மறுக்கிறது என்பதை. அது தெரிந்துவிட்டால் லினக்ஸ் பக்கத்து வேலை பெரும்பாலும் அரைமணி நேரத்தில் முடிந்துவிடும்.

ஆண்ட்ராய்ட் போனை ப்ளூடூத்தில் பேர் செய்துவிட்டேன். ஆனால் எஸ்எம்எஸ் அனுப்பும் கம்மு நிரல், மோடமே இல்லை என்கிறது. ஏன்?

பேர் ஆவது வேறு, மோடமாகத் தெரிவது வேறு. பழைய பட்டன் போன்கள் தங்களுக்குள் இருக்கும் மோடத்தை ஒரு சீரியல் போர்ட் மாதிரி வெளியே திறந்து வைத்திருந்தன, அதில் ஏடி கட்டளைகளை எழுதினால் போன் அப்படியே செய்யும், கம்முவும் அதைப் போன்ற க்னோக்கியும் பல போன்களோடு அந்த வழியில்தான் பேசுகின்றன. ஆண்ட்ராய்ட் அந்தக் கதவை வெளியே காட்டுவதில்லை. நீங்கள் கம்முவின் அமைப்புக் கோப்பை எத்தனை முறை மாற்றி எழுதினாலும் பலன் இருக்காது, தயவுசெய்து அதில் இரவைக் கழிக்காதீர்கள்.

ஆண்ட்ராய்டுக்கு இரண்டு வழிகள் உண்டு. சுலபமானது கேடிஇ கனெக்ட்: போனில் ஓர் ஆப், கைக்கணினியில் ஒரு ஆப், இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தால் போதும். இன்னொன்று ப்ளூடூத்திலேயே இருக்கும் மேப் என்ற புரொஃபைல், கார்கள் உங்கள் மெசேஜைப் படித்துக் காட்டுவது இதை வைத்துத்தான். லினக்ஸின் ப்ளூடூத் மென்பொருளான ப்ளூஸெட்டோடு வரும் ஓபெக்ஸ்டி என்ற சேவை இதைப் புரிந்துகொள்ளும், இன்பாக்ஸைப் பட்டியலிடலாம், செய்தியும் அனுப்பலாம். ஆனால் லினக்ஸ் நிரல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் டிபஸ் வழியாக ஸ்கிரிப்ட் எழுதத் தெரிந்திருக்க வேண்டும். வைஃபை இல்லாத இடத்தில் பயன்படுத்துபவர் என்றால் அந்த உழைப்பு தகும், மற்றவர்கள் கேடிஇ கனெக்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கேடிஇ கனெக்ட் இரண்டிலும் இருக்கிறது, ஒரே வைஃபை, ஆனாலும் ஒன்றை ஒன்று பார்க்கவில்லை.

முதல் சந்தேகம் ஃபயர்வால். 1714 முதல் 1764 வரை உள்ள போர்ட்கள் டிசிபி, யுடிபி இரண்டுக்கும் திறந்திருக்க வேண்டும். அது சரி என்றால் ரூட்டரைப் பாருங்கள். விருந்தினர் வைஃபைகளிலும் பொது இடத்து வைஃபைகளிலும் ஒரு கருவி இன்னொரு கருவியைப் பார்க்க முடியாதபடி பிரித்து வைத்திருப்பார்கள், இரண்டுக்கும் இணையம் நன்றாக வரும், ஆனால் ஒன்றுக்கொன்று பேச்சு இருக்காது. போனில் விபிஎன் ஓடினாலும் இதே நிலைதான்.

வெளியே இருக்கும்போது நான் செய்வது, போனிலேயே ஹாட்ஸ்பாட் போட்டு கைக்கணினியை அதில் சேர்த்துவிடுவது. தானாகக் கண்டுபிடிக்கவில்லை என்றால் ஐபி முகவரியைக் கையால் சேர்க்கலாம், ஹாட்ஸ்பாட்டில் கைக்கணினிக்குத் தெரியும் கேட்வே முகவரிதான் போனின் முகவரி. அப்புறம் ஒன்று, பத்து நிமிடம் வேலை செய்துவிட்டு நின்றுபோகிறது என்றால் அது நெட்வொர்க் பிரச்சினை அல்ல. திரை அணைந்ததும் ஆண்ட்ராய்ட் அந்த ஆப்பைத் தூங்க வைக்கிறது, பேட்டரி அமைப்பில் அதற்கு மட்டும் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள்.

ஸ்டீம் டெக் என்ற லினக்ஸ் விளையாட்டுக் கைக்கணினி வைத்திருக்கும் நண்பர் ஒருவரும் இதைக் கேட்டிருந்தார். டெஸ்க்டாப் மோடில் கேடிஇ கனெக்ட் ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் சரிபாருங்கள். அங்கே பேக்மேன் என்ற நிறுவல் கருவி வழியாக எதையாவது நிறுவினால் அடுத்த சிஸ்டம் அப்டேட்டில் அது போய்விடும், ஆகவே சிஸ்டத்தைத் தொடாமல் தனியாக நிறுவப்படும் ஃப்ளாட்பேக்காகக் கிடைப்பதையே தேடுங்கள்.

பட்டன் போனை யுஎஸ்பியில் சொருகினேன். போர்ட் தெரிகிறது, ஆனால் சில நேரம் திறக்கிறது, சில நேரம் "வேறு யாரோ பயன்படுத்துகிறார்கள்" என்கிறது.

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதே இடத்தில் நானும் இரண்டு நாள் நின்றிருக்கிறேன். கேபிளை மாற்றினேன், போனை மாற்றினேன், கர்னலைக்கூட மாற்றினேன். கடைசியில் பார்த்தால் மோடம்மேனேஜர். இது பல லினக்ஸ் விநியோகங்களில் பின்னணியில் தானாகவே ஓடும். மோடம் மாதிரி எதைச் சொருகினாலும் ஓடிவந்து அந்தப் போர்ட்டைத் திறந்து தன் கேள்விகளைக் கேட்கத் தொடங்கிவிடும். அது கேட்டு முடிப்பதற்குள் நீங்கள் போனால் கதவு மூடியிருக்கும், முடித்தபின் போனால் சில போன்களில் திறந்திருக்கும். அதனால்தான் "சில நேரம்". அந்தச் சேவையை நிறுத்திவிட்டு மறுபடி சொருகிப் பாருங்கள். கைக்கணினியிலேயே சிம் போடும் வசதி இருந்து அதற்கு மோடம்மேனேஜர் தேவைப்படுகிறது என்றால், முழுக்க நிறுத்தாமல், சொருகும் கருவிகளைக் கவனிக்கும் யுடெவ்வுக்கு விதி ஒன்றை எழுதி இந்த ஒரு போனை மட்டும் தொடாதே என்று சொல்லிவிடலாம்.

எப்போதுமே திறக்கவில்லை என்றால் அது அனுமதி விஷயம். டெபியன் வழி வந்த லினக்ஸ் விநியோகங்களில் உங்கள் பயனர் கணக்கு டயல்அவுட் குழுவில் இருக்க வேண்டும், சேர்த்த பிறகு ஒரு முறை வெளியேறி உள்ளே வர வேண்டும், இந்தக் கடைசிப் படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

கம்முவை நம்புவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. சீரியல் போர்ட்டோடு நேரடியாகப் பேச உதவும் மினிகாம் அல்லது பிகோகாமில் போர்ட்டைத் திறந்து, ஆங்கில எழுத்தில் ஏ, டி என்று இரண்டை மட்டும் தட்டி என்டர் அடியுங்கள். ஓகே என்று வந்தால் போன் பேசத் தயார், இனி மீதியெல்லாம் அமைப்புக் கோப்புதான். ஒன்றுமே வரவில்லை என்றால், சொருகும்போது போன் கேட்ட கேள்விக்கு சார்ஜிங் என்றோ சேமிப்பகம் என்றோ தேர்ந்தெடுத்திருப்பீர்கள். மோடம் என்றோ பிசி சூட் என்றோ மாற்றுங்கள்.

பழைய போனைத் தூசி தட்டி எடுப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: பல நாடுகளில் 2ஜியையோ 3ஜியையோ நிறுத்திவிட்டார்கள். உங்கள் நெட்வொர்க்கில் அந்தப் போனுக்கு சிக்னல் வருகிறதா என்று பார்த்துவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

தமிழில் ஒரு சின்ன செய்திதான் அனுப்பினேன். மூன்று எஸ்எம்எஸ் என்று கணக்கு காட்டுகிறது. ஏதாவது பிழையா?

பிழை இல்லை, கணக்கே அப்படித்தான். ஒரு எஸ்எம்எஸ்ஸுக்குள் 140 பைட் மட்டுமே போகும். ஆங்கில எழுத்து 7 பிட்டில் அடங்குவதால் 160 எழுத்து கிடைக்கிறது. தமிழுக்கு யுசிஎஸ்2 என்ற முறை, ஒவ்வொரு குறிக்கும் 2 பைட், ஆகவே 70 குறிகள். குறி என்று சொல்கிறேன், எழுத்து என்று சொல்லவில்லை. "நாளைக்கு" என்பது நம் கண்ணுக்கு 4 எழுத்து. யூனிகோடில் ந, துணைக்கால், ள, ஐகாரக் குறி, க, புள்ளி, க, உகரக் குறி என்று 8. "வருகிறேன்" 5 எழுத்து, 9 குறிகள். ஆக 70 என்பது நடைமுறையில் ஏறத்தாழ 40 எழுத்துதான். செய்தி நீண்டு பல துண்டுகளாகப் பிரிந்தால் ஒவ்வொரு துண்டிலும் 6 பைட் "இது எத்தனையாவது துண்டு" என்று சொல்லவே போய்விடும், அப்போது துண்டுக்கு 67 குறிகள் மட்டுமே.

முழுக்க ஆங்கில எழுத்தில் எழுதி நடுவில் ஒரே ஒரு தமிழ் எழுத்தோ, வளைந்த மேற்கோள் குறியோ வந்தாலும் மொத்தச் செய்தியும் யுசிஎஸ்2 ஆகிவிடும். ஈமோஜி பெரும்பாலும் இரண்டு குறிகளின் இடத்தைப் பிடிக்கும். சில விசைப்பலகைகள் "கொ" என்பதை க, ஒற்றைக் கொம்பு, துணைக்கால் என்று மூன்றாக எழுதுகின்றன, இரண்டாக எழுதுவதே சரி. ஸ்கிரிப்ட்டில் இருந்து அனுப்புபவர்கள் அனுப்பும் முன் உரையை, பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிக்கொண்டால் இது சரியாகிவிடும்.

கம்முவில் தமிழ் அனுப்ப யூனிகோட் விருப்பத்தைத் தனியாகக் கொடுக்க வேண்டும், மறந்தால் எதிர்முனையில் கேள்விக்குறிகளாகப் போய்ச் சேரும். நீளமான செய்திக்கு நீளத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் முதல் துண்டோடு வெட்டுப்படும். எஸ்எம்எஸ் தரநிலையில் தமிழுக்கென்றே 7 பிட் அட்டவணை ஒன்று இருக்கிறது, அதைப் பார்க்கும்போது மனதுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அனுப்பும் போன், பெறும் போன் இரண்டுமே அதைப் புரிந்துகொள்ள வேண்டும், அதை நம்பி முக்கியமான செய்தியை நான் அனுப்புவதில்லை.

ஐபோன்?

கேடிஇ கனெக்ட் ஐபோனுக்கும் இருக்கிறது, ஆனால் அதில் எஸ்எம்எஸ் வசதி கிடையாது. வெளி ஆப் எதுவும் உங்கள் மெசேஜ்களைப் படிக்கவோ, நீங்கள் கை வைக்காமல் அனுப்பவோ ஐஓஎஸ் விடாது. கைக்கணினியில் எஸ்எம்எஸ் உங்களுக்கு அன்றாடத் தேவை என்றால் இன்னொரு சிம், இன்னொரு போன் என்பதே நேர்மையான பதில்.

சிலரிடமிருந்து வரும் மெசேஜ் மட்டும் கைக்கணினியில் தெரிவதில்லை. ஓடிபியும் மறைந்து வருகிறது.

இரண்டும் வேறு வேறு காரணங்கள். அந்தச் சிலர் உங்களோடு ஆர்சிஎஸ்ஸில், அதாவது இணையம் வழியாகப் போகும் புதிய வகை மெசேஜில், பேசிக்கொண்டிருப்பார்கள். அது எஸ்எம்எஸ் அல்ல, போனில் எஸ்எம்எஸ்கள் சேரும் பொதுவான இடத்துக்கு அது வராமல் போகலாம், அதனால் மற்ற ஆப்கள் அதைப் பார்ப்பதில்லை. நோட்டிஃபிகேஷன் பகிர்வை இயக்கி வைத்தால் அதன் வழியாகப் படிக்கலாம், அங்கேயே பதிலும் போடலாம்.

ஓடிபி மறைவது ஆண்ட்ராய்ட் 15 கொண்டுவந்த பாதுகாப்பு. நோட்டிஃபிகேஷனைப் படிக்கும் ஆப்களுக்கு அந்த எண்ணை மறைத்துவிட்டுத்தான் கொடுக்கிறது. கணினியிலிருந்து ஆண்ட்ராய்டுக்குக் கட்டளை கொடுக்கும் ஏடிபி கருவி வழியாக விலக்கு அளிக்க முடியும். நான் அளிக்கவில்லை, உங்களையும் அளிக்கச் சொல்ல மாட்டேன். கைக்கணினியைப் பூட்டு இல்லாமல் மேசையில் வைத்துவிட்டுப் போகும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. உங்கள் வங்கிக் கணக்கின் இரண்டாவது சாவி அதில் கிடக்க வேண்டாம்.

பட்டன் போனிலிருந்து ஸ்கிரிப்ட் வழியாக மெசேஜ் படிக்கிறேன், இரண்டு வாரம் நன்றாக வந்துகொண்டிருந்தது, திடீரென்று புது மெசேஜ் எதுவும் வருவதில்லை. அனுப்புவது மட்டும் போகிறது.

சிம் நிறைந்துவிட்டது. சிம்மில் சில பத்து செய்திகளுக்கு மேல் இடம் இருக்காது. உங்கள் ஸ்கிரிப்ட் படிக்கிறது, ஆனால் அழிப்பதில்லை. கம்முவின் எஸ்எம்எஸ்டி சேவையை ஓடவிட்டால் அது படித்த செய்தியைக் கோப்பாகவோ தரவுத்தளத்திலோ சேமித்துவிட்டு போனிலிருந்து தானே எடுத்துவிடும். இப்போதைக்குப் பழையதை அழியுங்கள், காத்திருந்த செய்திகள் வரிசையாக வந்து விழும்.

பழைய லினக்ஸ் கைக்கணினியான ஷார்ப் ஸௌரஸ் எஸ்எல்-5500 ஒன்று கிடைத்திருக்கிறது. இன்ஃப்ராரெட் வழியாகப் பழைய நோக்கியாவோடு இணைக்க ஆசை. முடியுமா?

முடியும், உங்கள் ஆசை எனக்கு நன்றாகப் புரிகிறது. அதில் இருக்கும் பழைய 2.4 கர்னலை மட்டும் மாற்றிவிடாதீர்கள். லினக்ஸில் இன்ஃப்ராரெட்டுக்கான ஐஆர்டிஏ பகுதியை 2018இல் 4.17 கர்னலோடு எடுத்துவிட்டார்கள், புதியதைப் போட்டால் அந்தச் சிவப்புக் கண்ணாடி வெறும் அலங்காரமாகிவிடும். ஐஆர்காம் மாட்யூலை ஏற்றினால் போன் ஒரு சீரியல் போர்ட்டாகத் தெரியும், அதற்குமேல் முன்பு சொன்ன ஏடி சோதனையும் க்னோக்கியும்தான்.

ஐஆர்டிஏ 1 மீட்டர் வரை என்பார்கள், நீங்கள் ஒரு சாண் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு கண்ணாடியும் நேருக்கு நேர் இருக்கட்டும், மேலே வெயில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நோக்கியா என்றாலும் அது சிம்பியன் என்ற பழைய ஸ்மார்ட்போன் இயங்குதளம் கொண்ட போனாக இருந்தால் ஏடி வழியாக எஸ்எம்எஸ் சரியாக வராது, க்னாப்லெட் என்ற சிறிய நிரலைப் போனில் ஏற்ற வேண்டியிருக்கும். 6310ஐ மாதிரியான பழையதாக இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. போனில் இன்ஃப்ராரெட்டை முதலில் இயக்குங்கள், சிறிது நேரம் பேச்சு இல்லையென்றால் தானே அணைந்துவிடும், ஆகவே க்னோக்கியில் கட்டளையை எழுதித் தயாராக வைத்துக்கொண்டு, அப்புறம் போனில் இயக்கிவிட்டு உடனே என்டரைத் தட்டுங்கள்.