டொமேன் காலாவதியானால்: கேள்வி பதில்

கேள்வி: செந்தூலில் அச்சகம் வைத்திருக்கிறேன். எங்கள் இணையதளத்தின் டாட் காம் பெயர் (டொமேன்) போன வாரம் காலாவதி ஆகிவிட்டது. பெயர் கைவிட்டுப் போய்விட்டதா?

இல்லை ஐயா. ஆனால் இன்றைக்கே ரெனியூ செய்துவிடுங்கள். டாட் காம் பெயர்களுக்குக் காலாவதிக்குப் பிறகு 45 நாள் வரை ரெஜிஸ்ட்ராருக்கு, அதாவது பெயரைப் பதிந்து கொடுக்கும் கம்பெனிக்கு, சலுகைக் காலம் உண்டு. அதில் உங்களுக்கு எத்தனை நாள் விடுவது என்பது அவர்கள் இஷ்டம். அவர்கள் பெயரை அழித்துவிட்டால் 30 நாள் மீட்புக் காலம்; அப்போது கட்டணம் பல மடங்கு ஏறிவிடும். அதையும் விட்டால் 5 நாள் யாராலும் தொட முடியாது. பிறகு முந்துபவருக்குத்தான். அந்த நொடியில் பிடிப்பதற்கென்றே கம்ப்யூட்டர்களை ஓடவிட்டிருக்கும் கம்பெனிகளோடு கையால் போட்டிபோட முடியாது. முதலில் பாருங்கள்: பதிவில் இருக்கும் இமெயில் யாருடையது?

கேள்வி: எனக்கு ஒரு நோட்டீஸும் வரவில்லையே? (பிரிக்ஃபீல்ட்ஸ்)

டொமேன் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் அமைப்பான ஐகேன் (ICANN) 2013இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிப்படி, காலாவதிக்குச் சுமார் ஒரு மாதம் முன்பு, ஒரு வாரம் முன்பு, முடிந்த 5 நாளுக்குள் என மூன்று முறை ரெஜிஸ்ட்ரார் நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும். பெரும்பாலும் அது இணையதளம் செய்து கொடுத்தவருடைய பழைய இமெயிலுக்குப் போயிருக்கும். அதே டொமேனில் உள்ள இமெயிலைப் பதிவில் கொடுப்பது இன்னும் ஆபத்து. டொமேன் நின்றால் அதுவும் நின்றுவிடும்.

கேள்வி: 45, 30, 5 கூட்டினால் 80 நாள். தீபாவளி வியாபாரம் முடிந்து கட்டலாமா?

கூடவே கூடாது! மீட்புக் காலம் அழிக்கப்பட்ட பெயருக்கு மட்டும்தான். நல்ல பெயரைப் பல ரெஜிஸ்ட்ரார்கள் அழிப்பதே இல்லை. சலுகைக் காலத்திலேயே ஏலம் விட்டு, எடுத்தவர் பெயருக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே உங்கள் 30 நாளும் இல்லை, 5 நாளும் இல்லை.

கேள்வி: வருடா வருடம் கட்டியது நான். விற்றுக் காசு பார்ப்பது அவர்களா? இது திருட்டு இல்லையா?

சட்டப்படி இல்லை அக்கா. பெயரை நாம் வாங்குவதில்லை, ஒரே மூச்சில் அதிகபட்சம் 10 வருடத்துக்கு எடுத்துக்கொள்கிறோம். ஏல நிபந்தனையும் நாம் சம்மதித்த ஒப்பந்தத்திலேயே இருக்கும். ஆனால் நியாயமா என்றால், நியாயமில்லை என்றுதான் நானும் சொல்வேன். பெயரின் மதிப்பு உங்கள் உழைப்பால் வந்தது. ஒரே ஒரு பாதுகாப்பு உண்டு: உங்களுக்கு ரெனியூ செய்ய விடும் காலத்தின் கடைசி 8 நாளாவது தளம் வழக்கம்போல் திறக்காதபடி ரெஜிஸ்ட்ரார் நிறுத்த வேண்டும். தளம் திடீரென்று திறக்கவில்லையா, முதலில் டொமேனைப் பாருங்கள்.

கேள்வி: நான் ஏலத்தில் வாங்குபவன். எங்களைக் குற்றவாளி ஆக்காதீர்கள். (பூச்சோங்)

விட்டுப்போன பெயரை வாங்கித் தொழில் செய்யுங்கள், தப்பில்லை. கோயில் பெயரையும் தமிழ்ப்பள்ளிப் பெயரையும் எடுத்துச் சூதாட்ட விளம்பரம் போடுவதை மட்டும் என்னால் ஏற்க முடியாது.

கேள்வி: மலேசியாவின் டாட் மை (.my) பெயர்களுக்கும் இதே கணக்கா?

ஐகேனின் இந்த விதி, டாட் மை போல் ஒவ்வொரு நாட்டுக்கும் உரிய டொமேன் பெயர்களைக் கட்டுப்படுத்தாது. டாட் மையை நடத்துவது மைநிக். அவர்களுடைய விதியைப் பாருங்கள்.

கேள்வி: அண்ணா, எனக்கும் நோட்டீஸ் வரவில்லை.

மேலே விளக்கமாகச் சொல்லியாகிவிட்டது தம்பி. இமெயிலைப் பாருங்கள்.

கேள்வி: தளம் செய்தவர் டொமேனைத் தன் பெயரிலேயே பதிந்திருக்கிறார். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று எப்படிச் சொல்வேன்? பணம் கட்டியது நீங்களானாலும் பதிவில் இருப்பவர்தான் உரிமையாளர். உறவு நன்றாக இருக்கும்போதே உங்கள் கம்பெனி பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். இமெயிலையும் சேர்த்து.