வலிய அண்டை நாட்டின் அருகில் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வலிமை மிக்க அண்டை நாட்டின் பக்கத்தில் அமைந்துவிட்ட சிறிய நாடு தன் சுதந்திரத்தை எப்படிக் காத்துக்கொள்கிறது என்று நண்பர்களுக்குள் ஒரு விவாதம் எழுந்தது. பேச்சு பின்லாந்தில் வந்து நின்றது. 1939-இல் துணிந்து போரிட்டதால்தான் அந்நாடு சோவியத் ஒன்றியத்திடமிருந்து தப்பியது என்றார் ஒருவர். போருக்குப் பின் மாஸ்கோவின் மனம் கோணாமல் நடந்துகொண்டதால்தான் தப்பியது என்றார் இன்னொருவர். எனக்கு இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாகவே தெரிகின்றன. பணிந்துபோய்க் காப்பாற்றிக்கொண்டதைச் சுதந்திரம் என்று சொல்லலாமா? 2023-இல் நேட்டோவில் சேர்ந்ததன் மூலம், பழைய கொள்கை தவறானது என்று பின்லாந்தே ஒப்புக்கொண்டதாக ஆகாதா?

ர.

அன்புள்ள ர. அவர்களுக்கு,

உங்கள் நண்பர்கள் இருவர் சொல்வதும் உண்மைதான்; ஒரே வரலாற்றின் முன்பாதியை ஒருவரும் பின்பாதியை மற்றவரும் பிடித்துக்கொண்டு வாதிடுகிறார்கள். போரிட்ட நாடாக இருந்ததால்தான் பின்லாந்தால் பிற்காலத்தில் பணிந்துபோகவும் முடிந்தது. போரிடாமலேயே இணங்கிய மூன்று நாடுகள் அதே பால்டிக் கடலோரத்தில், அதே ஆண்டில் இருந்தன. அவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

1939 ஆகஸ்ட் 23 அன்று ஜெர்மனியும் சோவியத் ஒன்றியமும் செய்துகொண்ட உடன்படிக்கையின் இரகசியப் பகுதி, எஸ்டோனியாவையும் லாட்வியாவையும் பின்லாந்தையும் சோவியத் செல்வாக்குக்குள் ஒதுக்கியது; லிதுவேனியா அடுத்த மாதம் அவற்றோடு சேர்க்கப்பட்டது. செப்டம்பர் இறுதிக்கும் அக்டோபர் நடுவுக்கும் இடைப்பட்ட சில நாட்களில் பால்டிக் நாடுகள் மூன்றும் பரஸ்பர உதவி ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டு, சோவியத் படைத்தளங்களுக்குத் தம் மண்ணில் இடம் கொடுத்தன. அவற்றின் இறையாண்மைக்கு எந்தக் குறையும் வராது என்ற உறுதிமொழி அந்த ஒப்பந்தங்களிலேயே இருந்தது. 1940 ஜூனில் இறுதி எச்சரிக்கை வந்தபோது அவற்றால் எதிர்த்து நிற்க முடியவில்லை. எந்தப் படையை எல்லையில் தடுக்க வேண்டுமோ அந்தப் படை ஏற்கெனவே உள்ளே இருந்தது. ஆகஸ்டில் மூன்றும் சோவியத் குடியரசுகளாக்கப்பட்டன. இழந்த சுதந்திரம் திரும்பி வர 1991 வரை ஆயிற்று.

பின்லாந்திடமும் அந்த அக்டோபரில் கோரிக்கைகள் வைக்கப்பட்டன. லெனின்கிராடிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் இருந்த எல்லையைக் கரேலியப் பூசந்தியில் பின்னுக்கு நகர்த்த வேண்டும். பின்லாந்து வளைகுடாவின் சில தீவுகளைத் தர வேண்டும். ஹாங்கோவில் சோவியத் தளத்துக்கு இடம் தர வேண்டும். ஈடாகக் கிழக்குக் கரேலியாவில் இருமடங்கு நிலம் தருவதாகச் சொல்லப்பட்டது. தன் இரண்டாவது பெருநகரம் எல்லையிலிருந்து பீரங்கி எட்டும் தொலைவில் இருப்பதைப் பற்றி ஸ்டாலின் கவலைப்பட்டதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பேச்சுவார்த்தைக்குச் சென்ற பாசிக்கிவியும், படைகளின் நிலையை அறிந்திருந்த மன்னர்ஹெய்மும் ஓரளவு விட்டுக்கொடுக்கலாம் என்றே கருதினார்கள். அரசாங்கம் மறுத்தது. அந்த இருவர் சொன்னதைக் கேட்டிருந்தால் போரே வந்திருக்காது என்று வாதிடுவோர் இன்றும் உண்டு. பால்டிக் நாடுகளுக்கு நேர்ந்ததைப் பார்த்த பின் என்னால் அதை ஏற்க முடியவில்லை. பாதுகாப்பு அரண்கள் இருந்த பூசந்தியை விட்டுக்கொடுத்துவிட்டால், அடுத்த கோரிக்கையை மறுப்பதற்கான வழியையும் சேர்த்தே கொடுத்ததாக ஆகியிருக்கும்.

நவம்பர் 30 அன்று தொடங்கிய குளிர்காலப் போர் 105 நாட்கள் நடந்தது. 37 லட்சம் மக்கள் கொண்ட நாடு, 17 கோடிப் பேர் கொண்ட நாட்டை எதிர்த்து நின்றது. முடிவில் அது வெல்லவில்லை. வீபுரி நகரம் உட்பட நிலப்பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு போயிற்று. நான்கு லட்சத்துக்கும் அதிகமானோர் வீடுவாசலை விட்டு மேற்கே வந்தனர். 25,000 வீரர்களுக்கு மேல் மாண்டனர். ஆனால் இந்த நாட்டை விழுங்குவதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பது மாஸ்கோவுக்குத் தெரிந்துவிட்டது. சோவியத் தரப்பில் இறந்தவர்கள் லட்சத்தைத் தாண்டினார்கள்.

இந்தப் போரில் பேசப்படுவதெல்லாம் பனியும் சறுக்குக்கட்டைப் படையினரும்தான். என் பார்வையில் அதைவிட முக்கியமான ஒன்று போர் தொடங்கிய மறுநாள் நடந்தது. பின்லாந்துப் பொதுவுடைமையாளர் ஓட்டோ வில்லே குஊசினென் தலைமையில் ஒரு ‘மக்கள் அரசாங்கத்தை’ எல்லையோரச் சிற்றூரான தெரியோக்கியில் மாஸ்கோ நிறுவியது. பின்லாந்துத் தொழிலாளர்கள் தம் முதலாளிகளுக்கு எதிராக எழுந்து அதை வரவேற்பார்கள் என்பது எதிர்பார்ப்பு. அந்த எதிர்பார்ப்பை முட்டாள்தனம் என்று தள்ளிவிட முடியாது. அதற்கு 21 ஆண்டுகளுக்கு முன்புதான், 1918-இல், அந்நாட்டில் பழமைவாதிகளின் ‘வெள்ளை’ அணிக்கும் தொழிலாளர் தரப்பின் செம்படையினருக்கும் இடையே உள்நாட்டுப் போர் நடந்தது. 36,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தோற்ற செம்படையினரில் பல ஆயிரம் பேர் சிறைமுகாம்களில் பசியாலும் நோயாலும் மடிந்தனர். அத்தகைய பகை இருந்த நாட்டில், தோற்றவர்களின் பிள்ளைகள் 1939-இல் வென்றவர்களின் பிள்ளைகளோடு ஒரே பதுங்குகுழியில் நின்றது எப்படி?

இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் செய்யப்பட்ட வேலையே அதற்குக் காரணம். குத்தகை விவசாயிகள் தாம் உழுத நிலத்தைச் சொந்தமாக்கிக்கொள்ளச் சட்டம் வந்தது. தோற்ற தரப்பின் கட்சியான சமூக ஜனநாயகக் கட்சி 1919 தேர்தலிலேயே நாடாளுமன்றத்துக்குத் திரும்பியது. 1926-இல் அதன் முன்னணித் தலைவரான தன்னர் பிரதமரானார். 1932-இல் மாந்த்ஸாலாவில் தீவிர வலதுசாரிகள் ஆயுதத்தோடு திரண்டபோது, அவர்கள் தன் சொந்த அரசியல் தரப்புக்கு நெருக்கமானவர்களாக இருந்தும் குடியரசுத் தலைவர் ஸ்வின்ஹுஃப்வுத் பணிந்துவிடவில்லை. 1937-இல் விவசாயிகள் கட்சியும் சமூக ஜனநாயகக் கட்சியும் சேர்ந்து ஆட்சி அமைத்தன. குறைகள் நிறைய இருந்தன. பொதுவுடைமைக் கட்சி தடைசெய்யப்பட்டே இருந்தது. ஆயினும் இந்த அரசு தனக்கும் உரியது என்று ஓர் ஆலைத் தொழிலாளி நினைக்கக் காரணங்கள் உருவாகியிருந்தன. குஊசினெனின் அரசாங்கத்துக்கு ஆதரவாக உள்ளே ஒரு நகரமும் எழவில்லை. வலிய அண்டை நாடு நுழைவதற்கு முதலில் தேடுவது உள்ளே மனக்குறையோடு இருக்கும் ஒரு கூட்டத்தை. அந்தக் கதவு உள்ளிருந்து அடைக்கப்பட்டிருந்தது. சிறிய நாட்டின் சுதந்திரம் பற்றி யார் கேட்டாலும் நான் இராணுவத்துக்கு முன்பாக இதைத்தான் சொல்வேன்.

1941 முதல் 1944 வரை பின்லாந்து ஜெர்மனியோடு சேர்ந்து நடத்திய இரண்டாவது போரை நான் புகழ மாட்டேன். பழைய எல்லையைத் தாண்டிக் கிழக்குக் கரேலியாவைப் பிடித்ததும், அங்கே முகாம்களில் அடைக்கப்பட்ட ரஷ்யக் குடிமக்களில் ஆயிரக்கணக்கானோர் இறந்ததும் அந்நாட்டு வரலாற்றின் கறைகள். ஆனாலும் 1944 கோடையில் பெரும் தாக்குதலைத் தாலி-இஹந்தாலாவில் தடுத்து நிறுத்தியதால், ஹெல்சிங்கி எதிரிப்படையின் காலடி படாமலேயே போரிலிருந்து வெளியேறியது.

உங்கள் இரண்டாவது நண்பர் பேசும் காலம் இங்கே தொடங்குகிறது. போர்நிறுத்தத்தில் விட்டுக்கொடுத்தவை சிறியன அல்ல: வடகோடியில் பெட்சமோ பகுதி, தலைநகரின் அருகிலேயே போர்க்கலாவில் ஒரு சோவியத் தளம், 30 கோடி டாலர் மதிப்புள்ள பொருட்களாக இழப்பீடு. போர்க்காலக் குடியரசுத் தலைவர் ரிஸ்தோ ரியூத்தியைத் தம் நீதிமன்றத்திலேயே நிறுத்திப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கவும் வேண்டியிருந்தது. 1947-இல் அமெரிக்காவின் மார்ஷல் திட்ட உதவி வேண்டாம் என்றார்கள். இவ்வளவையும் கொடுத்த நாடு 1948-இல் செக்கோஸ்லோவாக்கியாவைப் போல ஏன் ஆகவில்லை?

அந்த ஆண்டு பிப்ரவரியில், செக்கோஸ்லோவாக்கியத் தலைநகர் பிராகில் ஆட்சி பொதுவுடைமையாளர் கைக்குப் போய்க்கொண்டிருந்த அதே நாட்களில், ஹங்கேரி, ருமேனியா ஆகியவற்றோடு செய்ததைப் போன்ற ஒப்பந்தத்தைக் கோரும் ஸ்டாலினின் கடிதம் பாசிக்கிவிக்கு வந்தது. அவர் அப்போது குடியரசுத் தலைவர். உடனே மறுக்கவுமில்லை, ஒப்பவுமில்லை. நாடாளுமன்றக் கட்சிகள் அனைத்தையும் கலந்தார், காலம் எடுத்துக்கொண்டார், தம் தரப்பிலிருந்தே ஒரு வரைவைத் தயாரித்து அனுப்பினார். ஏப்ரல் 6 அன்று கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி, ஜெர்மனியோ அதன் கூட்டாளிகளோ பின்லாந்து வழியாகத் தாக்கினால் பின்லாந்து தன் எல்லைக்குள் தன்னைக் காத்துக்கொள்ளும். சோவியத் உதவி தேவைப்பட்டால் அது இருவரும் ஒப்புக்கொண்ட பிறகே வரும். அண்டை நாட்டின் அச்சம் எதுவோ அதற்கு மட்டும் பதில் சொல்லப்பட்டது. உள்துறை அமைச்சகம் பிராகைப் போலவே அங்கும் பொதுவுடைமையாளர் கையில்தான் இருந்தது. மே மாதம் நாடாளுமன்றம் அமைச்சர் லேய்னோ மீது கண்டனத் தீர்மானம் நிறைவேற்றியது. பாசிக்கிவி அவரை நீக்கினார். ஜூலைத் தேர்தலுக்குப் பின் அமைந்த அரசில் அந்தக் கட்சி இடம்பெறவில்லை. நிலமும் பணமும் போனாலும் தேர்தல், நாடாளுமன்றம், காவல்துறை, நீதிமன்றம் ஆகியவை கையை விட்டுப் போகவில்லை. விட்டுக்கொடுத்த பிறகும் அடுத்த கோரிக்கைக்கு விடை சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதை வைத்தே நான் பணிவையும் சரணடைதலையும் பிரித்துப் பார்க்கிறேன். அதிர்ஷ்டமும் துணை நின்றது என்பதை மறைக்கக் கூடாது: பின்லாந்தை அளவுக்கு மீறி நெருக்கினால் அணிசேராதிருந்த ஸ்வீடன் மேற்கத்தியக் கூட்டணிக்குள் போய்விடக்கூடும் என்ற கணக்கு மாஸ்கோவுக்கு இருந்தது.

அவமானம் இல்லையா என்று கேட்கிறீர்கள். இருந்தது. 1958-இல் மாஸ்கோவுக்குப் பிடிக்காத பிரதமர் ஃபாகர்ஹோல்மின் அரசு, சோவியத் தூதர் திரும்ப அழைக்கப்பட்டு வணிகப் பேச்சுகள் நிறுத்தப்பட்டதும் சில மாதங்களில் கவிழ்ந்தது. 1961-இல் சோவியத் குறிப்பாணை வந்த பின், குடியரசுத் தலைவர் கெக்கோனெனை எதிர்த்துத் தேர்தலில் நின்ற வேட்பாளர் ஹொங்கா விலகினார். 1973-இல் தேர்தலே இல்லாமல் சிறப்புச் சட்டத்தால் கெக்கோனெனின் பதவிக்காலம் நான்காண்டுகள் நீட்டப்பட்டது. பத்திரிகைகளும் பதிப்பாளர்களும் தாமாகவே வாயை மூடிக்கொண்டனர். வெளியே தலை குனிந்ததைவிட, அண்டை நாட்டின் அதிருப்தியை உள்நாட்டுப் போட்டியாளர்களுக்கு எதிரான ஆயுதமாக அரசியல்வாதிகளே பயன்படுத்தத் தொடங்கியதுதான் எனக்குக் கடுமையாகப் படுகிறது. ஏனெனில் முதலாவது ஒரு தேவை. இரண்டாவது ஒரு பழக்கம், அதுவும் தேவையைத் தாண்டி வளரும் பழக்கம். இதே காலத்தில் கட்டாய இராணுவப் பயிற்சி தொடர்ந்ததையும், 1961-இல் மேற்கு ஐரோப்பிய வணிகக் கூட்டமைப்போடும் 1973-இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தோடும் ஒப்பந்தங்கள் செய்யப்பட்டதையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

நேட்டோவில் சேர்ந்தது பழைய கொள்கை தவறென்ற ஒப்புதல் என்று நான் கருதவில்லை. 1948 ஒப்பந்தம் 1992-இல் முடிவுக்கு வந்தது. 1995-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தார்கள். மற்ற ஐரோப்பிய நாடுகள் பல படைகளைக் குறைத்துக் கட்டாயப் பயிற்சியைக் கைவிட்டபோது, ஏறத்தாழ 1,340 கிலோமீட்டர் எல்லை கொண்ட பின்லாந்து அதைக் கைவிடவில்லை. போர்க்காலத்தில் 2,80,000 பேரைத் திரட்டும் ஏற்பாடு இன்றும் இருக்கிறது. கூட்டணியில் சேராமல் இருந்துகொண்டே, தேவைப்பட்டால் சேரும் உரிமை தமக்கு உண்டு என்று தொடர்ந்து சொல்லி வந்தார்கள். நேட்டோ இனி விரிவடையக் கூடாது என்று 2021 டிசம்பரில் ரஷ்யா கோரியது அந்த உரிமையையே தொட்டது. இரண்டு மாதங்களில் உக்ரைன் மீது படையெடுப்பு நடந்தது. விலகி நின்றால் பாதுகாப்பு கிடைக்கும் என்ற பழைய கணக்கின் அடிப்படை அத்துடன் போயிற்று. 2022 மே மாதம் நாடாளுமன்றத்தில் 188 பேர் ஆதரவாகவும் 8 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள். 1939-இலும் 1948-இலும் போலவே, முடிவு ஹெல்சிங்கியில் எடுக்கப்பட்டது.